பட்டியலில் விடுபட்ட பொத்தான்

அத்தியாயம் 6

உலகநாதனுக்கு மீசை கிடையாது. ஆனாலும் கோபம் வந்தால் மீசை இருக்க வேண்டிய இடம் துடிக்கும் என்பது அவருடைய உதவியாளர் நாகவல்லியின் கண்டுபிடிப்பு. அந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அம்பத்தூர் எஸ்டேட்டில் சுடர் கண்ட்ரோல்ஸ் மேனேஜர் வீரராகவனின் ஏ.சி. அறையில் அது துடித்த துடிப்பைப் பார்த்து, அவள் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

வீரராகவன் ஒரு காகிதத்தை மேஜைமேல் நகர்த்தினார். பத்மஜோதி பிரஸ்ஸிங்ஸ் தொழிற்சாலையின் ஏழாம் நம்பர் பவர் பிரஸ்ஸுக்கு அவருடைய கம்பெனி செய்து கொடுத்த கண்ட்ரோல் பெட்டிக்கான சான்றிதழ். உள்ளே ஓடுவது வெர்ஷன் நாலு ப்ரோகிராம், அதில் ஒரு குறையும் இல்லை என்று அடித்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்திருந்தது.

"பெட்டி திரையில நாலுன்னு எரியுது. நீங்களே போய்ப் பார்த்துக்கலாம்," என்றார் வீரராகவன். "வெர்ஷன் நாலுல பட்டனைக் கட்டி வச்சா மெஷின் நகரவே நகராது. நகர்ந்திருக்குன்னா உங்க ஆள் பெட்டியைத் திறந்து கை வச்சிருக்கான்."

'உங்க ஆள்' என்று அவர் சொன்னது பிரஸ் ஆபரேட்டர் துலுக்கானத்தை. பவர் பிரஸ் என்பது இரும்புத் தகட்டை ஒரே குத்தில் கிண்ணமாக்குகிற யந்திரம். குத்து இறங்கும்போது கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக இடது பக்கம் ஒரு பொத்தான், வலது பக்கம் ஒரு பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். ஆனால் ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு பீஸ் போட்டே ஆக வேண்டியவன் என்ன செய்வான்? பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு பொத்தானை இறுக்கிக் கட்டிவிடுவான். ஒரு கை பொத்தானுக்கு, ஒரு கை தகட்டுக்கு. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எந்த பிரஸ் ஷாப்பில் நுழைந்தாலும் இந்த டியூபைப் பார்க்கலாம். ஃபோர்மேனுக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் அது கழன்று டிபன் பாக்ஸுக்குள் போய்விடும். இதை நிறுத்தத்தான் வெர்ஷன் நாலு வந்தது. ஒரு பொத்தான் அமுங்கியபடியே இருந்தால் யந்திரம் அடுத்த குத்துக்கு இறங்காது.

துலுக்கானத்துக்கு இறங்கியது. ஒன்பது நாளைக்கு முன்னால், வலது கையில் கட்டைவிரல் நீங்கலாக நாலு விரலும் போய்விட்டன. இன்று மாலை நாலு மணிக்குத் தொழிற்சாலையில் விசாரணை. பெட்டியைத் திறந்து கை வைத்தது அவன்தான் என்று முடிவானால் வேலை கிடையாது, நஷ்ட ஈடு கிடையாது, அந்தப் பக்கத்தில் வேறு எந்த கேட்டிலும் அவனை உள்ளே விட மாட்டார்கள். அவன் மனைவி பொன்னியம்மாதான் உலகநாதனைத் தேடி வந்தவள். போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கி எட்டு வருஷம் ஆகிறது அவருக்கு. எத்தனையோ பார்த்தவர். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

"எங்க ஆளுக்கு ரேடியோ பெட்டிக்கு பேட்டரி மாத்தத் தெரியாது," என்றார் உலகநாதன். "அவன் உங்க கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வேலை காட்டினான்னு சொல்றீங்க."

வீரராகவன் தோளைக் குலுக்கினார். பிறகு சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, மணியடித்து அந்த ப்ரோகிராமை எழுதிய குணசேகரனை வரவழைத்தார். ஒடிசலான ஆள். ஏ.சி. அறையிலும் கழுத்தில் வியர்வை. கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆமா சார்' என்றான். வெர்ஷன் நாலுதானா? ஆமா சார். சரியாகத்தான் எழுதினாயா? ஆமா சார். அதுவரை வாய் திறக்காத நாகவல்லி, ஆவடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள், அந்தப் பெட்டிக்கு ப்ரோகிராமைத் தயாரித்தபோது கம்பைலர் அடித்துக் கொடுத்த காகிதங்களைப் பார்க்கலாமா என்று கேட்டாள். இதற்கு மட்டும் 'ஆமா சார்' வரவில்லை. குணசேகரன் மேனேஜரைப் பார்த்தான்.

ஒவ்வொரு டெலிவரிக்கும் அதை அச்சடித்து ஃபைல் போடுவது வழக்கம்தான் என்றும், பத்மஜோதி ஃபைலைக் கறையான் அரித்துவிட்டது என்றும் வீரராகவன் வருத்தத்தோடு சொன்னார். அவருக்குப் பின்னால் இரும்பு பீரோவில் மற்ற கம்பெனிகளின் ஃபைல்கள் சிப்பாய்கள் மாதிரி வரிசையாக நின்றன.

"நல்லா படிச்ச கறையான் சார் அது," என்றாள் நாகவல்லி. "இரும்பு பீரோக்குள்ள பூந்து, பேரைப் படிச்சுப் பார்த்து, பத்மஜோதியை மட்டும் தின்னுட்டுப் போயிருக்கு."

வெளியே வந்ததும் உலகநாதன் ஸ்கூட்டரை உதைத்தார். ஸ்டார்ட் ஆவதற்காக அல்ல, சும்மா உதைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மறைத்துவிட்டு, 'பூசணிக்காயை உன் ஆள்தான் திருடினான்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவனை என்ன செய்வது? நாகவல்லி அவரை எதிர்ப்பக்க டீக்கடைக்கு இழுத்துப் போனாள். கம்பைலர், ஃபைல் என்று அவள் கேட்டதெல்லாம் தனக்கு ஒன்றும் புரியவில்லை என்று அவர் எரிந்து விழுந்தார். டீ வருவதற்குள் புரிய வைக்காவிட்டால் தானே காசு கொடுப்பதாக அவள் பந்தயம் கட்டினாள்.

"ஒரு கல்யாணம் வெச்சிக்கலாம் சார். முகூர்த்த நேரம்னு ஒண்ணு கீது. அத்த நம்பித்தான் பந்தக்காரன், மேளக்காரன், சமையக்காரன்னு பதினோரு பேரு வேலை செய்றான். நேரம் மாறிப்போச்சின்னா பதினோரு பேருக்கும் திருப்பிச் சொல்லணுமா, வேணாமா?"

"சொல்லணும்."

"யார் யாருக்குச் சொல்லணும்னு ஒரு லிஸ்ட் வேணும். லிஸ்ட்ல ஒருத்தன் பேரு வுட்டுப்போச்சின்னா, அவன் பாட்டுக்குப் பழைய நேரத்துக்கே வந்து நிப்பான். அவ்ளோதான் சார் கம்ப்யூட்டரு."

ப்ரோகிராமும் அப்படித்தான் என்று மீதியை விளக்கினாள். அதை ஒரே கட்டாக எழுத மாட்டார்கள். சின்னச் சின்ன ஃபைல்களாக எழுதுவார்கள். எல்லோருக்கும் பொதுவான விதிகளையும் அளவுகளையும் ஹெட்டர் என்று தனி ஃபைலில் வைப்பார்கள். அதுதான் முகூர்த்த நேரம். நாம் எழுதியதை யந்திர பாஷைக்கு மாற்றிக் கொடுப்பது கம்பைலர். ஒவ்வொரு ஃபைலையும் படிக்கும்போது இன்னின்ன ஹெட்டரைத் திறந்தேன் என்று கம்பைலர் வரி வரியாக ஒப்பித்துவிடும். அந்த ஒப்பிப்பைப் படித்துப் பட்டியல் போட ஒரு குட்டி ப்ரோகிராம் வைத்திருப்பார்கள். பிறகு ஹெட்டர் மாறினால், பட்டியலில் அதை நம்பியிருக்கிற ஃபைல்களை மட்டும் புதிதாக மாற்றினால் போதும். மற்றதெல்லாம் ஏற்கெனவே மாற்றி வைத்த பழசு அப்படியே போய் ஒட்டிக்கொள்ளும். நேரம் மிச்சம்.

உலகநாதன் கையில் டீ வந்துவிட்டது. அவர் குடிக்கவில்லை.

"அப்ப திரையில நாலுன்னு காட்டுற ஃபைலு புதுசா இருந்து, பட்டனைப் பார்க்கிற ஃபைலு பழசா இருந்தா?"

"சட்டை புதுசு, ஆளு பழசு. காசு நீங்க குடுங்க சார்."

அந்த நேரத்தில்தான் குணசேகரன் சாலையைக் கடந்து வந்தான். அவர்களைப் பார்க்காத மாதிரி கடைக்காரரிடம் ஒரு பொறை வாங்கினான். அதைப் பிட்டுத் தின்றுகொண்டே, கண்ணாடி ஜாடியிடம் பேசுகிறவன் போல மெல்லச் சொன்னான். கம்பைலர் காகிதம் எப்போதும் இரண்டு பிரதியாகத்தான் அச்சாகும். மேல் பிரதி ஃபைலுக்கு. அடியில் இருக்கும் கார்பன் பிரதியை ஸ்டோர்காரர்கள் கசக்கி, கண்ட்ரோல் பெட்டி ஆடாமல் இருக்க அட்டைப்பெட்டிக்குள் திணித்து அனுப்பிவிடுவார்கள். தெர்மோகோல் வாங்குவதில்லை. எல்லாம் அதில் இருக்கிறது.

"வாயால சொல்லேன்டா," என்றார் உலகநாதன்.

"தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் சார்," என்று சொல்லிவிட்டுக் குணசேகரன் பாதிப் பொறையோடு திரும்பிப் போனான்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று உலகநாதன் பல்லைக் கடித்தார். நாலு விரல் போனது தெரிந்தும் ஒன்பது நாளாக வாயைத் தைத்துக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வரலாமா என்றுகூட நினைத்தார். நாகவல்லி அதற்குள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அட்டைப்பெட்டி எங்கே போயிருக்கும் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. பெட்டியைப் பிரிக்கிறவன் எவனோ, காலி அட்டைப்பெட்டி அவனுக்கு. எஸ்டேட்டில் எழுதி வைக்காத சட்டம் அது. ஏழாம் நம்பர் மெஷினுக்கு வந்த பெட்டியை அந்த மெஷின்காரன்தான் பிரித்திருப்பான். பாவி மனிதன், தன் சாட்சியைத் தானே தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான்.

நசரத்பேட்டையில் துலுக்கானத்தின் வீடு பெங்களூர் சாலையிலிருந்து இரண்டு சந்து உள்ளே. பொன்னியம்மா பல் விளக்காத முகத்தோடு வாசலில் நின்றிருந்தாள். ஃபோர்மேன் காலையிலேயே வந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டால் கேஸ் கீஸ் இல்லாமல் விட்டுவிடுவதாகச் சொல்லி, எழுதின காகிதத்தை நீட்டினானாம். அவன் மேல் சாணித் தண்ணியை ஊற்றி அனுப்பியிருக்கிறாள். இதைச் சொல்லும்போதும் அவள் கோபம் தணியவில்லை. இன்னொரு வாளி இருந்தால் ஊற்றியிருப்பாள் போலிருந்தது. உலகநாதனுக்கு அவளைப் பிடித்துப்போனது.

அட்டைப்பெட்டியைப் பற்றிக் கேட்டார்.

"அதுவா சார்? அதுல கோயி அட கீது," என்றாள் பொன்னியம்மா. "பத்தொம்பது நாளாச்சி. இன்னும் ரெண்டு நாள்ல பொரிச்சிடும். இப்ப போய்க் கை வெச்சா அவ்ளோதான்."

சமையல் மூலையில் இருந்தது பெட்டி. மேலே 'சுடர் கண்ட்ரோல்ஸ், கவனமாகக் கையாளவும்' என்று நீல எழுத்து. உள்ளே ஒரு கருங்கோழி, கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு, கசங்கிய கம்ப்யூட்டர் காகிதத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. நாகவல்லி குனிந்து கையை நீட்டினாள். அது ஒரே கொத்தாகக் கொத்தியது.

"சார், கறையானை விட இது பெரிய மேனேஜரு," என்றாள் அவள், விரலை வாயில் வைத்துக்கொண்டு.

கடைசியில் பொன்னியம்மாதான் கோழியைத் தூக்கினாள். துலுக்கானத்தின் பழைய வேட்டியை மடித்துப் போட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் மாற்றி, கோழியை மறுபடி உட்கார வைத்தாள். அது ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. காகிதம் இரு ஓரத்திலும் ஓட்டை போட்ட நீளக் காகிதம். மடிப்பு மடிப்பாக வந்தது. எச்சமும் தவிடும் ஒட்டியிருந்தாலும் கார்பன் எழுத்து தெரிந்தது. ஒரே ஒரு தாள் மட்டும் என்றைக்கோ உடைந்த முட்டையில் ஊறி, நாலாக ஒட்டிக் காய்ந்து, அப்பளம் மாதிரி இருந்தது. இழுத்தால் கிழியும். நாகவல்லி அதை ஈரத்துணியில் சுற்றித் தனியாக வைத்துவிட்டு, மற்றதைத் தரையில் விரித்து முழங்கால் போட்டுப் படித்தாள்.

முதலில் கம்பைலர் ஒப்பித்தது. மொத்தம் பதினோரு ஃபைல். பதினொன்றுமே 'சேஃப்' என்ற ஹெட்டரைத் திறந்ததாக அது வரி வரியாகச் சொல்லியிருந்தது. பொத்தான் அமுங்கியே இருந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது யந்திரத்தை நிறுத்துவது என்ற அளவெல்லாம் இருப்பது அந்த சேஃபில்தான். அதைப் புதிதாகத் திருத்தி எழுதியதுதான் வெர்ஷன் நாலு. அடுத்தது பட்டியல். சேஃபை நம்பியிருப்பவர்கள் யார் யார்? விரலை வைத்து எண்ணினாள். பத்துப் பேர். கடைசிப் பகுதியில், புதிதாக மாற்றியதும் அந்தப் பத்து ஃபைலைத்தான். பொத்தான்களைக் கவனிக்கிற 'பட்டன்' ஃபைல் இல்லை.

"கம்பைலரு திறந்தேன்னு சொல்லுது. லிஸ்ட்ல அவன் பேரு இல்ல. பழைய பட்டன் அப்டியே போய் ஒட்டிகினு கீது," என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை.

உலகநாதன் அந்தப் பத்து வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி ப்ரோகிராமுக்குக் கண் மங்குமா, தூக்கம் வருமா? பத்துப் பேரை ஒழுங்காக எழுதின கை, பதினோராவது ஆளிடம் வந்ததும் ஏன் நழுவ வேண்டும்? நழுவினாலும் திரை ஃபைலில் நழுவக் கூடாதா, விளக்கு ஃபைலில் நழுவக் கூடாதா? ஆளின் கையைக் காப்பாற்றுகிற ஒரே ஃபைலில்தான் நழுவ வேண்டுமா? கை தவறிக் கொட்டினால் நாலு பக்கமும் சிதறும். ஒரே குழிக்குள் விழுந்தால் அது கை தவறினதல்ல. வீரராகவனின் ஏ.சி. அறையை நினைத்தபோது அவருக்கு உள்ளங்கை சுட்டது.

மணி இரண்டே முக்கால். பொன்னியம்மாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவர்கள் தொழிற்சாலை இருக்கிற அயனம்பாக்கத்துக்குப் பறந்தார்கள்.

பத்மஜோதி பிரஸ்ஸிங்ஸில் விசாரணை நடத்துகிறவர் ஒர்க்ஸ் மேனேஜர் சம்பத். நெற்றியில் சந்தனம், பாக்கெட்டில் இரண்டு பேனா, பேச்சில் தேன். தொழிலாளி தனக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம் என்ற விதியை உலகநாதன் நீட்டியதும், தாராளமாக உட்காருங்கள் என்று நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி போட்டது உலகநாதனுக்கும் நாகவல்லிக்கும் மட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் அழைத்து வரப்பட்ட துலுக்கானம் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தான். உலகநாதன் தன் நாற்காலியை அவனுக்குப் போட்டுவிட்டுத் தான் நின்றார். மேஜையின் அந்தப் பக்கம் சாட்சியாக வீரராகவன். பொன்னியம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து கதவோரம் நின்றாள்.

உலகநாதன் சுற்றி வளைக்கவில்லை. கோழி எச்சத்தோடு காகிதத்தை மேஜைமேல் விரித்தார். கம்பைலர் சொன்னது இது, பட்டியலில் இருப்பது இது, விடுபட்டது இது என்று நாகவல்லி சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார். பெட்டியை யாரும் திறக்கவில்லை, திறக்க வேண்டிய அவசியமும் இல்லை, பெட்டி வரும்போதே கண் குருடாகத்தான் வந்தது என்றார். வீரராகவனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அது எப்படி, கறையான் என்று ஏதோ முனகினார்.

சம்பத் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடடா என்று உச்சுக் கொட்டினார். அப்படியானால் முழுத் தவறும் சுடர் கண்ட்ரோல்ஸினுடையது என்றார். துலுக்கானம் பெட்டியைத் திறந்தான் என்ற குற்றச்சாட்டை இப்போதே விட்டுவிடலாம். ஆனால் டியூப் கட்டினது கட்டினதுதான், அதற்கு மட்டும் பாதி நஷ்ட ஈட்டோடு அவனை வேலையிலிருந்து நிறுத்தி, விவகாரத்தை இன்றோடு முடித்துக்கொள்வோம். சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்துவிட்டார். ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருக்கும் என்று கச்சை கட்டிக்கொண்டு வந்த உலகநாதனுக்கு, கதவு தானாகத் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பதினோரு ஃபைல், ஹெட்டர், பட்டியல் என்று தனக்குப் புரிய ஒரு முழு டீ ஆறியது. இந்த ஆளுக்கு எப்படி ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரத்தில் புரிந்தது?

"சார், முட்டை பொரிஞ்சிடுச்சு," என்றாள் நாகவல்லி.

அவள் இவ்வளவு நேரமும் மேஜை ஓரத்தில், டம்ளர் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, ஒட்டின தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பட்டியலின் தலைப்புத் தாள் அது. ஏதாவது மாற்றினால், ஏன் மாற்றினோம், யார் சொல்லி மாற்றினோம் என்று மேலே ஒரு வரி எழுதி வைப்பது ஒழுங்கான ப்ரோகிராம்காரர்களின் பழக்கம். எழுத்தில் குணசேகரன் ஊமையில்லை. உலகநாதன் தாளை வெளிச்சத்தில் பிடித்து, சத்தமாகத் தமிழில் படித்தார்.

"பட்டன் வரியிலிருந்து சேஃப் கையால் எடுக்கப்பட்டது. பத்மஜோதி ஒர்க்ஸ் மேனேஜர் கேட்டுக்கொண்டது, வீரராகவன் சார் உத்தரவு. பன்னிரண்டு எட்டு தொண்ணூற்று மூன்று. இந்தப் பெட்டிக்கு மட்டும்."

 வீரராகவன்தான் முதலில் வெடித்தார். முழுப் பழியையும் தன் தலையில் கட்டப் பார்த்தாரே என்ற ஆத்திரம் அவருக்கு.

"நீங்கதானே சம்பத் போன்ல கேட்டீங்க? நாலு போட்டா டியூப் கட்ட முடியாது, ஷிஃப்டுக்கு எண்ணூறு பீஸைத் தாண்டாது, இன்ஸ்பெக்டருக்குக் காட்ட நம்பர் மட்டும் நாலுன்னு எரிஞ்சா போதும்னு. எழுதினதை யாராவது கேட்டு வாங்கிப் படிச்சாலும் சரியா இருக்கணும், உள்ள ஓடுறது மட்டும் பழசா இருக்கணும்னு."

உலகநாதன் சம்பத்தைப் பார்த்தார். டியூப் கட்டினால் யந்திரம் ஓட வேண்டும் என்று ஏற்பாடு செய்த ஆள், டியூப் கட்டினவனை விசாரிக்க நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் சந்தனம் கலையாமல். வேலியே பயிரை மேய்ந்ததோடு நிற்காமல், பயிரின்மேல் பிராது கொடுத்திருக்கிறது. அவருக்குக் கை பரபரத்தது. மேஜையைச் சுற்றிப் போய் இரண்டு பேனாவோடு சேர்த்து அந்தச் சட்டையைப் பிடித்தார். பிடித்தாரே தவிர அடிக்கவில்லை. தான் போலீஸை விட்டதே இந்தக் கையால்தான் என்பது நினைவுக்கு வந்து விட்டுவிட்டார். நாகவல்லி அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

சம்பத் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். தேன் கொஞ்சமும் குறையாமல், துலுக்கானத்தின் பக்கம் திரும்பி, முழு நஷ்ட ஈடும் தருவதாகவும், வாட்ச்மேன் வேலை போட்டுத் தருவதாகவும், இந்தக் காகிதம் இந்த அறையை விட்டுப் போக வேண்டாம் என்றும் சொன்னார். துலுக்கானம் மனைவியைப் பார்த்தான். ஒன்பது நாளாக அவர்கள் வேண்டிக்கொண்டது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

பொன்னியம்மா அந்த அறையில் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அந்த மிசின்ல இப்ப யாரு கீறாங்க?"

 சம்பத் பேனாவை மூடினார். அப்போதுதான் உலகநாதனுக்கு அது காதில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், தரையை அதிர வைத்தபடி, ஒரே சீராக, தொம், தொம் என்று பிரஸ் இறங்கிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. காலையிலிருந்து காகிதத்தைத் துரத்தினவர், கோழியைக் கிளப்பினவர், பதினோரு பேரை எண்ணினவர், இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. சம்பத்தின்மேல் வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் அவருக்குத் தன்மேலேயே வந்தது.

"நம்ப சின்னசாமி," என்றான் துலுக்கானம், தலை நிமிராமல். "மறுநாளே போட்டுட்டாங்க சார்."

உலகநாதன் ஓடினார். வராந்தா, ஸ்டோர், தகட்டு அடுக்குகள். வழியில் யாரோ தடுத்தார்கள். யார் என்று அவர் பார்க்கவில்லை. ஏழாம் நம்பர் யந்திரத்தின் பெட்டியில் பச்சையாக 'நாலு' எரிந்துகொண்டிருந்தது. வலது பொத்தானில் கறுப்பு டியூப் இரண்டு சுற்று. முன்னால் நின்றவனுக்கு முப்பது வயதிருக்கும். தகட்டை வைத்தான், அழுத்தினான், எடுத்தான், வைத்தான். உலகநாதன் சுவரிலிருந்த மெயின் சுவிட்சின் பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கீழே இழுத்தார். யந்திரம் பெருமூச்சு விட்டுப் பாதி உயரத்தில் நின்றது. அதன்பின் ஷாப்பில் இருந்த மற்ற யந்திரங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"இன்னா சார், இன்னும் இருநூறு பீஸ் கீது," என்றான் சின்னசாமி எரிச்சலாக. அவனுடைய வலது கை இன்னும் தகட்டைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தது.

இன்ஸ்பெக்டர் வரும்வரை சுவிட்சை விட்டு நகர மாட்டேன் என்று உலகநாதன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஆபீசுக்குப் போய் இன்ஸ்பெக்டருக்கு போன் போடச் சொல்லி நாகவல்லியை விரட்டினார். அவருக்குப் பின்னாலேயே ஓடி வந்திருந்தாள் பொன்னியம்மா. நேராக ஏழாம் நம்பருக்குப் போனாள். சின்னசாமியின் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை வெளியே எடுத்தாள்.